க்யூப்ஸ் ஓஎஸ் போட எந்த லேப்டாப் வாங்குவது? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல், ஆடிட்டர், பத்திரிகைக்காரர், ஐடியில் இருப்பவர் என்று பெங்களூரில் க்யூப்ஸ் ஓஎஸ் போட நினைக்கும் தமிழ் நண்பர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தனித்தனியாகப் பதில் தட்டுவதற்குப் பதில் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். புதுசு வாங்கினாலும் சரி, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழசு எடுத்தாலும் சரி, காசு கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

க்யூப்ஸ் என்றால் என்ன? மற்ற லினக்ஸ் போல எந்த லேப்டாப்பிலும் போட முடியாதா?

முடியாது. அதனால்தான் இந்தப் பக்கமே.

க்யூப்ஸ் ஓஎஸ் 2010இல் போலந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் யோவன்னா ருட்கோவ்ஸ்கா அறிவித்த, பாதுகாப்பை முன்வைத்த இயங்குதளத் திட்டம். 1.0 பதிப்பு 2012இல் வந்தது. அடியில் ஸென் என்ற ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடும். அதன்மேல் உங்கள் வேலைகள் தனித்தனி மெய்நிகர் கணினிகளில் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் க்யூப் என்று பெயர். வங்கிக்கு ஒன்று, ஆபீஸ் மெயிலுக்கு ஒன்று, யாரோ அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து பார்க்க ஒன்று. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகப் பத்து வாடகை வீடு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் திருடன் புகுந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் தப்பித்துவிடுவார்.

இந்தப் பிரிவினை வெறும் மென்பொருளால் நடப்பதில்லை. வைஃபை அட்டையையே தனி க்யூபுக்குத் தூக்கிக் கொடுத்து, அது மற்ற க்யூபுகளின் நினைவகத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளப் பிராசஸரிலும் மதர்போர்டிலும், கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸிலும் சில வசதிகள் வேண்டும். அதில் எது குறைந்தாலும் ஒன்று க்யூப்ஸ் ஓடாது, அல்லது ஓடியும் பாதுகாப்பு இருக்காது. இரண்டாவதுதான் ஆபத்து. திரையில் எல்லாம் நன்றாகவே தெரியும்.

கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர். மெய்நிகர் கணினிகளை ஓட்டவும் பிரித்துவைக்கவும் அதில் சில வசதிகள் வேண்டும்: இன்டெல் என்றால் விடி-எக்ஸ், அதோடு இபிடி, அதோடு விடி-டி. ஏஎம்டி என்றால் ஏஎம்டி-வி, ஆர்விஐ, ஏஎம்டி-விஐ. குறைந்தபட்சம் 6 ஜிபி ரேம், 32 ஜிபி டிஸ்க் இடம் என்று திட்டத்தின் ஆவணம் சொல்கிறது. அது இன்ஸ்டால் ஆவதற்கான கணக்கு, வேலை பார்ப்பதற்கான கணக்கு இல்லை. பரிந்துரை 16 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி, இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ்.

விடி-எக்ஸும் இபிடியும் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்து ஐ3, ஐ5, ஐ7 எல்லாவற்றிலும் இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சிக்கல் வருவது விடி-டியில்.

விடி-டி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் விர்ச்சுவலைசேஷன் எனேபில்டு என்று காட்டுகிறதே?

அது விடி-எக்ஸை மட்டும்தான் சொல்கிறது. விடி-டி வேறு சமாச்சாரம். வைஃபை, யூஎஸ்பி போன்ற வன்பொருள்கள் நினைவகத்தில் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். அது இல்லையென்றால், வைஃபை அட்டையைக் கைப்பற்றியவன் அங்கிருந்தே மொத்தக் கணினியையும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். முதலில் பிராசஸர். சரியான மாடல் எண்ணை எடுத்து இன்டெல்லின் பட்டியலில் தேடுங்கள். பழைய தலைமுறைகளில் ஒரே குடும்பத்துக்குள்ளேயே வித்தியாசம் உண்டு: ஐ5-3320எம்மில் விடி-டி இருக்கிறது, ஐ5-3210எம்மில் இல்லை. இரண்டுக்கும் லேப்டாப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றேதான்.

அடுத்து பயாஸ். லெனோவாவின் திங்க்பேடில் எஃப்1, டெல்லின் லாட்டிட்யூடில் எஃப்2, ஹெச்பியின் எலைட்புக்கில் எஃப்10 அழுத்தி உள்ளே போங்கள். திங்க்பேடில் செக்யூரிட்டி பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் என்ற தலைப்பின் கீழே இருக்கும். லாட்டிட்யூடில் 'விடி ஃபார் டைரக்ட் ஐ/ஓ' என்று தனி வரியாக இருக்கும். எலைட்புக்கில் விடிஎக்ஸ், விடிடி என்று இரண்டு டிக் பெட்டி. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் மலிவு லேப்டாப்களின் பயாஸில் நாலைந்து வரிகள்தான் இருக்கும், இந்த அமைப்பைத் திறந்தே காட்டாது. அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள்.

ரேம் எவ்வளவு வேண்டும்?

பட்ஜெட்டில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காசு மிச்சம் என்றால் அதை ரேமில் போடுங்கள். பிராசஸரிலோ திரையிலோ டிஸ்க்கிலோ அல்ல.

காரணம் எளிது. நிர்வாகப் பகுதியான டோம் ஜீரோ ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். வலையமைப்புக்கு ஒரு க்யூப், ஃபயர்வாலுக்கு ஒரு க்யூப், யூஎஸ்பிக்கு ஒரு க்யூப் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இதெல்லாம் போகத்தான் உங்களுக்கு. சாதாரணமாக ஒரு க்யூப் 400 எம்பியில் தொடங்கி, தேவைக்கேற்ப 4 ஜிபி வரை வளர அனுமதி இருக்கும். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் அந்த எல்லையை நோக்கி ஓடிவிடும். 8 ஜிபியில் இரண்டு பிரவுசர் க்யூப் திறந்ததும் மூன்றாவது தொடங்க மறுக்கும். 16 ஜிபியில் மெயில், வங்கி, எழுத்து வேலை, ஒரு தற்காலிக க்யூப் என்று நிம்மதியாக ஓட்டலாம். விண்டோஸை ஒரு க்யூபில் வைத்து டேலியோ ஜிஎஸ்டி வேலையோ பார்ப்பவர் 32 ஜிபிக்குப் போய்விடுங்கள்.

அதனால் இன்று எத்தனை ஜிபி இருக்கிறது என்பதைவிட எத்தனை ஸ்லாட் இருக்கிறது என்பது முக்கியம். திங்க்பேட் டி480இல் இரண்டு ஸ்லாட். அதே வருடத்து டி480எஸ்ஸில் ஒரு பகுதி மதர்போர்டிலேயே பற்றவைத்தது, ஒரு ஸ்லாட் மட்டும் காலி. எக்ஸ்1 கார்பனிலும் எக்ஸ்280இலும் முழுக்கப் பற்றவைத்தது. வாங்கும்போது 8 என்றால் ஆயுள் முழுக்க 8தான். மெலிசாக, அழகாக, கையில் எடுத்ததும் ஆசையாக இருக்கும் மாடல்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. முன்பெல்லாம் 8 ஜிபியோடு வாங்கி அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்வேன். இப்போது ஏற்கெனவே 16 இருக்கும் பீஸைத் தேடுவதுதான் லாபம்.

ஐ7 வேண்டுமா, ஐ5 போதுமா?

ஐ5, ஐ7 என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கோர்களை எண்ணுங்கள்.

இன்டெல் பிராசஸர்களில் ஹைப்பர்த்ரெடிங் என்று ஒன்று உண்டு. ஒரு கோர் இரண்டு போல நடிக்கும். ஒரே கோரைப் பகிரும் இரண்டு வேலைகளில் ஒன்று மற்றதை ஒட்டுக்கேட்க வழி இருக்கிறது என்பது 2018இல் வெளிவந்த ஃபோர்ஷேடோ போன்ற ஓட்டைகளில் தெளிவானது. அந்த வருடமே க்யூப்ஸ் அதை அணைத்துவிட்டது. ஆக 4 கோர் 8 த்ரெட் என்று விளம்பரம் செய்யப்படும் சிப், க்யூப்ஸில் 4 மட்டும்தான்.

இங்கேதான் எஸ்.பி. ரோட்டில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 7ஆம் தலைமுறை வரை, யூ என்று முடியும் லேப்டாப் சிப்களில் ஐ7 என்றாலும் இரண்டே கோர். ஐ7-7600யூவை எடுத்தால் க்யூப்ஸில் இரண்டு கோரோடு மல்லுக்கட்ட வேண்டும். 8ஆம் தலைமுறையில் ஐ5-8250யூவுக்கே நான்கு கோர். டி470உம் டி480உம் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். "டி470 ஐ7 சார், டி480 ஐ5தான், ஐ7 எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே ஐ5ஐ எடுங்கள்.

12ஆம் தலைமுறைக்குப் பிறகு பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்து வருகிறது. ஓடும். ஆனால் எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுப்பது என்பதில் ஸென்னுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை, அதனால் காகிதத்தில் காட்டும் வேகம் கைக்கு வராது.

ஏஎம்டி ரைசன் எடுக்கலாமா?

எடுக்கலாம், நன்றாக ஓடும் மாடல்கள் இருக்கின்றன. ஆனால் என்னைக் கேட்டால் இன்டெல். பிராசஸரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) திருத்தம் வர வேண்டும். இன்டெல்லின் திருத்தம் க்யூப்ஸின் வழக்கமான அப்டேட்டிலேயே வந்து சேர்ந்துவிடும். ஏஎம்டி லேப்டாப்களில் பெரும்பாலும் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வரும். அதை லேப்டாப் கம்பெனி எப்போது வெளியிடுமோ அப்போதுதான்.

என்விடியா கார்டு இருக்கும் கேமிங் லேப்டாப் என்னிடம் இருக்கிறது. அதில் போடலாமா?

முயற்சி செய்யலாம், ஆனால் வார இறுதிகள் நிறையக் காலியாகும். என்விடியாவோடு க்யூப்ஸுக்கு ஒத்துப்போவதில்லை. கறுப்புத் திரை, தூங்கப்போட்டால் எழாதது, மின்விசிறி ஓயாதது என்று வரிசையாக வரும். அப்படியே ஓடினாலும் அந்தக் கார்டால் பயன் இல்லை. க்யூபுகளுக்குள் வீடியோவும் படமும் பிராசஸரின் பலத்தில்தான் ஓடுகின்றன. விளையாட்டுக்கு வேறு கணினி வைத்துக்கொள்ளுங்கள். டி480இலேயே என்விடியா எம்எக்ஸ்150 வைத்த வகையும் சந்தையில் கிடக்கிறது, பார்த்து எடுங்கள்.

மேக்புக்?

எம்1, எம்2 வகையெல்லாம் கிடையாது. க்யூப்ஸுக்கு எக்ஸ்86 பிராசஸர் வேண்டும். அதே காரணத்தால் ஸ்நாப்டிராகன் விண்டோஸ் லேப்டாப்பும் ஆகாது. பழைய இன்டெல் மேக்குகளில் வைஃபை, கீபோர்டு இரண்டும் தொல்லை.

சுற்றி வளைக்காமல் ஒரு மாடல் சொல்லுங்களேன்.

பழசு என்றால் திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 2018 வாக்கில் வந்தவை, மூன்றிலும் 8ஆம் தலைமுறை நான்கு கோர் வகை கிடைக்கும், மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட். இந்த ஊர் ஐடி கம்பெனிகள் லீஸ் முடிந்து கழித்துவிடும் லேப்டாப்கள் பெரும்பாலும் இந்த ரகம் என்பதால் பெங்களூரில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆபீஸ் லேப்டாப்களின் பயாஸ் முழுமையானது, பாகங்கள் கிடைக்கும், ஏற்கெனவே நிறையப் பேர் க்யூப்ஸ் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

மூன்றில் ஒன்று என்றால் டி480. 2024 டிசம்பரில் லிப்ரெபூட் என்ற ஃபர்ம்வேர்த் திட்டம் அதற்கு ஆதரவு சேர்த்தது. அதாவது விருப்பமிருந்தால் பின்னால் பயாஸையே திறந்த மூல ஃபர்ம்வேருக்கு மாற்றிக்கொள்ளலாம். அது எல்லோருக்கும் தேவை இல்லை, கதவு திறந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

எஸ்.பி. ரோடு போகிறேன். கடையில் என்னென்ன சோதிக்க வேண்டும்?

சிக்பேட்டே மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள், வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். ஆன்லைனில் பார்த்து வாங்கவும் செய்யலாம், ஆனால் இந்த விஷயத்தில் கையில் எடுத்துச் சோதிக்கும் வாய்ப்பை நான் விடமாட்டேன். பல கடைகளில் தமிழிலேயே பேசலாம். "கம்பெனி பீஸ் அண்ணா, ஏ கிரேடு" என்பார்கள். அது வெளித்தோற்றத்துக்கான சான்றிதழ் மட்டுமே.

கையில் ஒரு 16 ஜிபி பென்டிரைவில் க்யூப்ஸ் இன்ஸ்டாலரை எழுதிக்கொண்டு போங்கள். பதிவிறக்கிய கோப்பின் டிஜிட்டல் கையெழுத்தை வீட்டிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

முதல் வேலை, பயாஸுக்குள் நுழைவது. பாஸ்வேர்டு கேட்டால் உஷார். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருந்தால் எண்டர் தட்டி உள்ளே போய்ப் பார்க்க முடியும், ஆனால் வரிகள் மங்கலாக இருக்கும், எதையும் மாற்ற முடியாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று கடைக்காரர் சொல்வார். திங்க்பேடில் அப்படிப் போகாது. அது தனிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பீஸை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

உள்ளே போய் விர்ச்சுவலைசேஷன் இரண்டையும் இயக்குங்கள். செக்யூர் பூட்டை அணையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் இன்ஸ்டாலர் தொடங்காது. டெல்லில் டிஸ்க் அமைப்பு ரெய்டு என்று இருந்தால் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பயாஸிலேயே கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற திருட்டுத் தடுப்பு வசதி ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அந்த லேப்டாப் முறைப்படி கம்பெனியை விட்டு வெளியே வந்ததா என்ற கேள்வி வரும். ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் எண் என்று கேட்டு வாங்குவது இதற்கும் சேர்த்துத்தான்.

பிறகு பென்டிரைவில் பூட் செய்யுங்கள். க்யூப்ஸ் இன்ஸ்டாலர் ஸென்னின் மேல்தான் தொடங்குகிறது. வன்பொருளில் ஏதாவது குறைந்தால் ஆரம்பத்திலேயே, ஆதரிக்கப்படாத வன்பொருள் என்று ஒரு பெட்டி வந்து விடி-எக்ஸா, விடி-டியா, இன்டரப்ட் ரீமேப்பிங்கா என்று பெயரோடு சொல்லிவிடும். பெட்டி வரவில்லை என்றால் முக்கால்வாசிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கடைசிப் பொத்தானை அழுத்தும்வரை டிஸ்க்கில் எதுவும் எழுதாது. கடைக்காரர் பதறினால் இதைச் சொல்லுங்கள்.

டி480க்கு மட்டும் ஒரு தனிச் சோதனை. அந்தக் காலத்துத் திங்க்பேடுகளில் யூஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தது. அப்டேட் செய்யாமல் ஓட்டிய பீஸ்களில் யூஎஸ்பி-சி போர்ட் மெல்லச் செத்துவிடும். லெனோவா திருத்தம் வெளியிட்டிருக்கிறது, ஆனால் லீஸ் லேப்டாப்பில் யார் போட்டிருப்பார்கள்? இரண்டு யூஎஸ்பி-சி துளையிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், இரண்டிலும் ஏற வேண்டும். அப்புறம் ஒரு யூஎஸ்பி-சி பென்டிரைவையும் செருகிப் பாருங்கள். வாங்கிய கையோடு, விண்டோஸை அழிப்பதற்கு முன், அந்த ஃபர்ம்வேரையும் பயாஸையும் புதுப்பித்துவிடுங்கள். இப்போதே செய்துவிட்டால் சுலபம்.

திரையையும் மறந்துவிடாதீர்கள். லீஸில் வந்த டி480களில் 1366×768 திரை நிறைய. க்யூப்ஸில் நாலு ஜன்னல் அடுத்தடுத்துத் திறந்து வேலை பார்ப்பீர்கள், அந்தத் திரையில் மூச்சு முட்டும். முழு ஹெச்டி கேளுங்கள்.

பொருத்தப் பட்டியல் என்று க்யூப்ஸ் தளத்திலேயே ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

அதைப் பார்க்காமல் கடைக்குக் கிளம்பவே கூடாது. ஆனால் எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டும். பயனர்கள் தங்கள் கணினியில் அறிக்கைக் கருவியை ஓட்டி அனுப்பியவைதான் அவை. க்யூப்ஸ் குழு ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்ததில்லை. எல்லாம் பச்சையாக இருந்தாலும் குறிப்பு என்ற நெடுவரிசையை நிதானமாகப் படியுங்கள். "தூங்கப்போட்டால் எழவில்லை", "வைஃபைக்குத் தனி அமைப்பு தேவைப்பட்டது" என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பயாஸ் பதிப்பு, பிராசஸர் மாடல் இரண்டும் உங்கள் பீஸோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். நீங்கள் போட்டு முடித்ததும் உங்கள் அறிக்கையையும் அனுப்பிவிடுங்கள்.

க்யூப்ஸ் சான்றிதழ் பெற்ற லேப்டாப்பே வாங்கிவிட்டால்?

வசதி இருந்தால் மிகவும் நல்லது. நெதர்லாந்தின் நோவாகஸ்டம், ஜெர்மனியின் நைட்ரோகீ, இங்கிலாந்தின் ஸ்டார் லேப்ஸ் ஆகியோரின் சில மாடல்களுக்குச் சான்றிதழ் உண்டு. மாடலோடு குறிப்பிட்ட பாகங்களுக்கும் சேர்த்துத்தான் சான்று, அதனால் ஆர்டர் செய்யும்போது வைஃபை அட்டையைக்கூட இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.

இறக்குமதிதான் கேள்வி. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தபோது, தபாலிலோ கூரியரிலோ வரும் ஒற்றை லேப்டாப்புக்கு விலக்கு கொடுத்தது. ஆனால் தீர்வை கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அக்காவோ நண்பரோ இருந்தால் இன்னும் சுலபம்: 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வையின்றி உடன் கொண்டுவரலாம். அவர்கள் ஏற்கெனவே ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழுதானால் ஐரோப்பாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2012இன் திங்க்பேட் எக்ஸ்230தான் தங்கம் என்கிறார்களே?

ஒரு காலத்தில். கோர்பூட், ஹெட்ஸ் போன்ற திறந்த மூல ஃபர்ம்வேர் எல்லாம் போட முடியும், பின்னணியில் தனியாக ஓடும் இன்டெல்லின் மேனேஜ்மென்ட் என்ஜினைப் பெருமளவு முடக்க முடியும், கீபோர்டும் அருமை. சான்றிதழ் பெற்ற லேப்டாப்களாகவே விற்றார்கள். ஆனால் 3ஆம் தலைமுறைக்கு இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது, இரண்டே கோர், ரேம் 16 ஜிபியோடு சரி. பாதுகாப்புக்காக க்யூப்ஸ் போடுகிறவர் ஓட்டை அடைக்கப்படாத பிராசஸரில் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

புத்தம் புதிய லேப்டாப் வாங்கினால் என்ன சிக்கல்?

தூக்கம். மூடியை மூடினால் உறங்கி, திறந்தால் விழிக்கும் எஸ்3 என்ற பழைய முறையை 11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களிலிருந்து பலர் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வந்திருக்கும் மாடர்ன் ஸ்டாண்ட்பையோடு ஸென்னுக்கு இன்னும் சரியாக ஒத்துப்போகவில்லை. மூடிப் பையில் போட்டுக்கொண்டு சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பை சூடாகி, பேட்டரி காலியாகியிருக்கும். சில திங்க்பேடுகளின் பயாஸில் தூக்க முறையை லினக்ஸ் என்று மாற்றும் வரி உண்டு. வாங்கும் மாடலில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

மற்றபடி இன்ஸ்டாலரின் தொடக்க மெனுவில் புதிய கர்னலோடு நிறுவும் தேர்வு இருக்கிறது, புது வன்பொருளுக்கு அதை எடுங்கள். சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன மாடலை வாங்குவது மனநிம்மதி.

வைஃபை?

இன்டெல் அட்டையாக இருக்கட்டும். 8265, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 எல்லாம் சரியாக வேலை செய்யும். பிராட்காம் வேண்டாம்.

யூஎஸ்பி விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்? எனக்கு ஜிஎஸ்டிக்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் செருக வேண்டும்.

க்யூப்ஸ் யூஎஸ்பி கன்ட்ரோலரை மொத்தமாக ஒரு தனி க்யூபில் அடைத்துவிடும். செருகும் பென்டிரைவ், உள்ளேயே இருக்கும் கேமரா, கைரேகைப் பட்டை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். இது நல்ல ஏற்பாடு, ஒரு நிபந்தனையோடு: லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு உள்ளுக்குள் யூஎஸ்பியில் இணைந்திருக்கக் கூடாது. இருந்தால் உங்கள் டிஸ்க் பாஸ்வேர்டு உட்பட அனைத்தும் அந்த க்யூப் வழியே போகும். நான் மேலே சொன்ன மூன்று மாடல் போன்ற ஆபீஸ் லேப்டாப்களில் கீபோர்டு பழைய பிஎஸ்2 வழியில்தான் இணைந்திருக்கும், பிரச்சினை இல்லை. இதே காரணத்தால் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் க்யூப்ஸ் போட்டு ஓட்டுவதும் நிரந்தர ஏற்பாடாக ஆகாது. டிஸ்க்கே யூஎஸ்பியில் தொங்கும்போது கன்ட்ரோலரை எப்படித் தனியாக அடைப்பது?

டிஎஸ்சி டோக்கனை மேலே இருக்கும் யூஎஸ்பி ஐகானைத் தட்டி, வேண்டிய க்யூபோடு இணைத்துக்கொள்ளலாம். டோக்கனுக்கான மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால் விண்டோஸ் க்யூப் வேண்டும், அதற்கு ரேம் வேண்டும், சுற்றி வந்து மறுபடியும் 32 ஜிபி. வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றிவிடுங்கள். நிறைய ஆடிட்டர் ஆபீஸ்களில் அது வருடக்கணக்கில் செருகியபடியே இருக்கிறது.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

விண்டோஸில் வருவதைவிடக் குறைவு. பின்னணியில் எப்போதும் மூன்று நான்கு கணினிகள் ஓடுகின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். யூட்யூபோ ஜூம் அழைப்போ என்றால் பிராசஸர் மொத்தமாக உழைக்கும், இன்னும் வேகமாகக் கரையும். டி480இல் உள்ளே ஒரு 24 வாட்-ஹவர் பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் இன்னொன்று. வெளிப் பேட்டரியில் 72 வாட்-ஹவர் வரை உண்டு. மதியம் பெஸ்காம் கரண்ட்டை எடுத்தாலும் வேலை நிற்காமல் இருக்க அந்தப் பெரிய பேட்டரி உதவும். கனமாக இருக்கும், லேப்டாப்பைச் சாய்த்து நிறுத்திவிடும், எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

டிபிஎம் சிப் இல்லாவிட்டால்?

க்யூப்ஸ் ஓடும். நீங்கள் இல்லாத நேரத்தில் யாராவது லேப்டாப்பைத் திறந்து பூட் பகுதியை மாற்றினார்களா என்று காட்டும் ஆன்டி ஈவில் மெய்டு வசதிக்குத்தான் அது தேவை.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் போடலாமா?

வேண்டாம். அது உங்கள் லேப்டாப் இல்லை.

விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

க்யூப்ஸே மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது. அதை இன்னொரு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுவதை க்யூப்ஸ் குழு ஆதரிப்பதில்லை. அப்படி ஓடினாலும் அதை வைத்து உங்கள் வன்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய எஸ்எஸ்டி ஒன்றை உள்ளே மாட்டி, அதில் நிறுவி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வேலைக்கு ஆகவில்லை என்றால் கழற்றிவிட்டு விண்டோஸ் டிஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? ஜன்னல் தலைப்பில் தமிழ் வரவே இல்லை, கிராஃபிக்ஸ் கோளாறா?

கோளாறு இல்லை. க்யூப்ஸ் வேண்டுமென்றே ஜன்னல் தலைப்பில் ஆங்கிலம் தவிர்த்த எழுத்துகளை வடிகட்டி, அடிக்கோடாகக் காட்டுகிறது. ஒரு க்யூப் அனுப்பும் விசித்திர எழுத்துகளை டோம் ஜீரோ வரைய நேர்ந்தால் அந்த வழியே தாக்குதல் வரலாம் என்ற பயம். நம்பிக்கையான க்யூபுகளுக்கு மட்டும் யூடிஎஃப்-8 தலைப்புகளை அனுமதிக்கும் அமைப்பு இருக்கிறது. நான் எழுத்து வேலைக்கான க்யூபுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் தமிழ் 99 விசைப்பலகை வரும் எம்17என் தொகுப்பையும், க்யூபுகளுக்கு மென்பொருள் தரும் அச்சான டெம்ப்ளேட்டில் நிறுவுங்கள், டோம் ஜீரோவில் அல்ல. அந்த டெம்ப்ளேட்டை நம்பியிருக்கும் எல்லா க்யூபிலும் தமிழ் வந்துவிடும். தற்காலிக க்யூபிலும் வரும், ஆனால் அதை மூடினால் அடித்தது எல்லாம் போய்விடும், சேமிக்க வேண்டியதை முதலில் வேறு க்யூபுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.